1951 அக்டோபர் 3: அந்த வெற்றி செல்லுமா?

கேள்வி: உடற்கல்வி ஆசிரியர், அம்மாபேட்டை, சேலம்

எங்கள் பள்ளியில் பேஸ்பால் பழகும் பிள்ளைகளுக்கு, அமெரிக்க அணிகளான நியூயார்க் ஜயண்ட்ஸும் புரூக்ளின் டாட்ஜர்ஸும் 1951 அக்டோபர் 3 அன்று ஜயண்ட்ஸின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸில் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆகஸ்ட் 11 அன்று பட்டியலில் டாட்ஜர்ஸைவிட 13½ ஆட்டங்கள் பின்தங்கியிருந்த ஜயண்ட்ஸ், கடைசி 44 ஆட்டங்களில் 37-ஐ வென்று டாட்ஜர்ஸை எட்டிப் பிடித்ததையும், சமநிலையை முறிக்க நடந்த மூன்று ஆட்டத் தீர்வுத் தொடரின் கடைசி ஆட்டத்தில், இறுதி இன்னிங்ஸான ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-1 எனத் தோல்வியின் விளிம்பில் நின்று, தங்கள் பேட்டர் பாபி தாம்சனின் ஹோம் ரன்னால் (எல்லை தாண்டிப் பறந்த அடியால்) 5-4 என வென்றதையும் கண் இமைக்காமல் கேட்டார்கள். ஜயண்ட்ஸ் அந்தப் பருவத்தில் தொலைநோக்கி வைத்து, எந்த வகைப் பந்து வீச வேண்டும் என்று எதிரணிக் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்) தம் பந்துவீச்சாளருக்கு விரல்களால் காட்டும் சைகைகளைத் திருடியதைச் சொன்னதும், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்படியானால் அந்த வெற்றி செல்லாதுதானே, சார்?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: ஏற்காட்டிலிருந்து

வணக்கம் ஐயா. இங்கே லேடீஸ் சீட் தொலைநோக்கியில் சேலம் நகரத்தைப் பார்த்தவர்களுக்கு, தூரத்துக் காட்சி எவ்வளவு அருகில் வரும் என்பது தெரியும். போலோ கிரவுண்ட்ஸில் நடு எல்லைக்கு அப்பால், பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து ஏறக்குறைய 480 அடி தூரத்தில் இருந்த உடைமாற்றும் அறையில் ஒருவர் தொலைநோக்கியுடன் அமர்ந்து கேட்சரின் விரல்களைப் பார்ப்பார். அங்கிருந்து மின்கம்பி வழியாக மணி ஒலிக்கும். வேகப்பந்துக்கு ஒருமுறை, மற்றவற்றுக்கு இருமுறை. மைதான ஓரத்தில் இருக்கும் வீரர் அதைக் கேட்டு பேட்டருக்குக் குறிப்புக் காட்டுவார். 2001-இல் இது வெளிப்படையாக நிறுவப்பட்டது. தவறுதான், அதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும், தொடரின் முதல் ஆட்டம் டாட்ஜர்ஸின் எபெட்ஸ் ஃபீல்டில் நடந்தது; அங்கே ஜயண்ட்ஸின் கம்பி இல்லை. அங்கும் இதே தாம்சன், அக்டோபர் 3 அன்று தமக்குப் பந்து வீசிய அதே டாட்ஜர்ஸ் பந்துவீச்சாளர் ரால்ஃப் பிராங்காவின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். தொலைநோக்கி இருந்த போலோ கிரவுண்ட்ஸில் நடந்த இரண்டாவது ஆட்டத்திலோ ஜயண்ட்ஸ் 10-0 எனத் தோற்றது. இவ்விரண்டையும் மாணவிக்குச் சொல்லுங்கள்.

பதில் 2: அஸ்தம்பட்டியிலிருந்து

ஏற்காட்டு நண்பரின் வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஓர் ஆட்டத்தில் தோற்றதால் அந்த ஏற்பாடு பயனற்றது என்றாகிவிடாது. வேகப்பந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே பேட்டரின் மனம் தயாராகிவிடும். தாம்சனுக்கு வந்ததும் வேகப்பந்துதான். அந்தப் பந்துக்குத் தமக்குக் குறிப்பு வரவில்லை என்றே அவர் சொல்லிவந்தார்.

டாட்ஜர்ஸின் பந்துவீச்சாளர் டான் நியூகம்பையும் நீங்கள் மறக்கக் கூடாது. அதற்கு முந்தைய சனிக்கிழமை முழு ஆட்டமும் வீசினார். ஞாயிறு ஐந்து இன்னிங்ஸுக்கும் மேல் வீசினார். புதன்கிழமை, அதாவது அக்டோபர் 3 அன்று, மீண்டும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை வீசினார். ஐந்து நாளில் 23 இன்னிங்ஸ்! அந்தக் கையின் களைப்பை எந்தத் தொலைநோக்கியும் உண்டாக்கவில்லை. அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜயண்ட்ஸின் டார்க், மியூலர் இருவரும் அடித்தார்கள், அவர்கள் அணியின் லாக்மேனின் அடியில் டார்க் ஹோம் பிளேட்டை அடைந்து ஒரு ரன் சேர்த்தார், மியூலர் கணுக்கால் பிசகி வெளியேறினார். அதற்குப் பிறகே நியூகம்பை எடுத்துவிட்டுப் பிராங்காவை அனுப்பினார்கள். டாட்ஜர்ஸின் இன்னொரு பந்துவீச்சாளர் கார்ல் எர்ஸ்கினும் தயாராகிக்கொண்டிருந்தார். ஆனால் அவருடைய வளைபந்து தரையில் பட்டு எழும்பியதாக மேலாளரிடம் தெரிவிக்கப்பட்டது. தாம்சனுக்குப் பிராங்கா வீசிய முதல் பந்து ஸ்ட்ரைக் (பேட்டருக்கு எதிராகக் கணக்கிடப்படும் பந்து). இரண்டாவது பந்தைத்தான் அவர் ஹோம் ரன்னாக அடித்தார்; அது இடப்புறக் கூட்டத்துக்குள் போனது. அடுத்து பேட் செய்யக் காத்திருந்தவர் ஜயண்ட்ஸின் 20 வயது வில்லி மேஸ்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. திங்கட்கிழமை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை அப்படியே ஆடவிடப் போகிறேன். முதல் சுற்றில் கேட்சரின் சைகையை பேட்டருக்குச் சொல்லிவிடுவேன், இரண்டாம் சுற்றில் சொல்லமாட்டேன். அந்த மாணவியைத்தான் கேட்சராக உட்காரவைக்கிறேன்; தன் விரல்களை யாரோ படிக்கிறார்கள் என்பது அவளுக்கு எப்படி இருந்தது என்பதை அவளே முதலில் சொல்லட்டும்.