கெப் ஹெட்லைற்றுக்கு ரிலே போட்டேன், டிக் சத்தமே இல்லை. உதவி தேவை

கொட்பே கெப்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1993 ஹைலக்ஸ் டபுள் கெப் ஒன்று இருக்கிறது. விடியப்புறம் கொட்பேயில் மீன் ஏற்றிக்கொண்டு ஹபரணை வரைக்கும் போகிற வண்டி. கந்தளாய் தாண்டினால் எந்த வளைவில் யானை நிற்கும் என்று சொல்ல முடியாது. என் லைற்றோ லாம்பு வெளிச்சம் மாதிரி மஞ்சள். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 13.9 வோல்ற். எரிகிற பல்பின் இரண்டு முனைக்கும் நடுவில் பிடித்தால் 11.2தான்.

சரி, சுவிட்சின் சின்னக் கரண்டால் இயங்கிப் பற்றரிக் கரண்டை நேராகப் பல்புக்கு விடுகிற ரிலே போடுவோம் என்று டவுனில் நாலு கால் ரிலே இரண்டு, பீங்கான் பிளக் இரண்டு, 2.5 மில்லி வயர், 15 அம்பியர் பியூஸ் இரண்டு வாங்கினேன். கிடைத்த படத்தில் இருந்தபடி ரிலேயின் 30ஆம் நம்பர் காலைப் பியூஸ் வழியாகப் பற்றரிக்கு, 87ஐப் பல்புக்கு, 86ஐப் பழைய பிளக்கின் டிப் (கிட்ட வெளிச்சம்) வயருக்கு, 85ஐப் பொடிக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடம்புக்குக் கொடுத்தேன். ஹை ரிலேயும் அப்படியே. சுவிட்சைப் போட்டால் டிக் என்று ஒரு சத்தம்கூட இல்லை.

மீற்றரின் கறுப்பு வயரைப் பொடியில் வைத்துப் பழைய பிளக்கைப் பார்த்தேன். ஒரு காலில் 12 வோல்ற், மற்ற இரண்டிலும் ஒன்றுமில்லை. டிப், ஹை எது போட்டாலும் அதேதான். ஸ்டியரிங் கீழே இருக்கிற சுவிட்ச் போய்விட்டதா?

சீனக்குடா:
எனக்கும் இப்படி வந்தது அண்ணா. சுவிட்ச் உள்ளே பொயின்ற் கருகியிருக்கும். கழற்றி அரத்தாள் போட்டுப் பாருங்கள்.

உப்புவெளி வயரிங்:
தம்பி, அவசரப்பட்டு அதைக் கழற்றாதீர்கள். உள்ளே இருக்கிற சின்ன ஸ்பிரிங் தெறித்தால் தேடிப் பிடிக்க முடியாது. நேற்று வரை மஞ்சளாகவாவது எரிந்த லைற்றுக்கு, டிப்பும் ஹையும் சேர்ந்து ஒரே நாளில் சுவிட்ச் கருகுமா?

நீங்கள் பார்த்த படம் வேறு வண்டிக்கானது. அதில் சுவிட்ச் பிளஸ்ஸை அனுப்பும். உங்கள் வண்டியின் வயதுள்ள டொயோட்டாக்களில் பெரும்பாலும் பிளஸ் நேராகப் பல்பின் பொதுக் காலுக்கு வந்து நிற்கும். சுவிட்ச் செய்வது ஏர்த்தைக் கொடுப்பதும் எடுப்பதும்தான். நீங்கள் 85ஐயும் பொடிக்குக் கொடுத்துவிட்டீர்கள். 85க்கும் 86க்கும் நடுவில் ரிலே உள்ளே இருக்கிற காந்தச் சுருளின் இரண்டு பக்கமும் ஏர்த் என்றால் அது எதை வைத்து இழுக்கும்?

சோதிப்பது லேசு. மீற்றரின் சிவப்பை அந்த 12 வோல்ற் காலிலும் கறுப்பை டிப் காலிலும் வையுங்கள். டிப் போட்டால் 12 காட்டும், ஹைக்கு மாற்றினால் போய்விடும். அப்படிக் காட்டினால் இரண்டு ரிலேயின் 86ஐயும் அந்தப் பிளஸ் காலுக்குக் கொடுங்கள். ஒரு ரிலேயின் 85 டிப் காலுக்கு, மற்றதன் 85 ஹை காலுக்கு. சாதாரண ரிலேயில் 85, 86 மாறினாலும் பிழையில்லை. உள்ளே டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) இருக்கிற ரிலே என்றால் 86தான் பிளஸ், மாறக்கூடாது.

சுவிட்ச் இனிமேல் சுமக்கப்போவது சுருளின் கரண்ட் மட்டும், கால் அம்பியர்கூட வராது. இதுவரை இரண்டு 55 வற் பல்புக்கு 9 அம்பியர் அளவில் அந்தப் பழைய வயருக்குள்ளால் போய்க்கொண்டிருந்தது. வோல்ற் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உங்கள் மஞ்சளுக்குக் காரணம் அதுதான்.

பியூஸ் இரண்டையும் பற்றரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ரிலேக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

கந்தளாய் லொறி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. கடையில் நாலு கால் இல்லையென்று ஐந்து கால் ரிலே தந்தால், நடுவில் இருக்கிற 87ஏ காலில் வயர் கொடுக்காதீர்கள். சுவிட்ச் போடாதபோது அதில்தான் கரண்ட் இருக்கும். நான் ஒருமுறை கொடுத்து, சாவியை எடுத்த பிறகும் லைற் எரிந்தது.

கொட்பே கெப்:
அண்ணை, நீங்கள் சொன்னபடியே மீற்றர் காட்டியது. மாற்றிக் கொடுத்தேன், டிக் கேட்டது! வலது பக்கம் நல்ல வெள்ளை. ஆனால் இடது மங்கல். டிப் போட்டால் இடது பல்பில் இரண்டு இழையும் சேர்ந்து சிவந்தமாதிரித் தெரிகிறது. பல்பை மாற்றிப் போட்டும் அப்படித்தான்.

உப்புவெளி வயரிங்:
இடது பக்கம் ஏர்த் எங்கே பூட்டினீர்கள்? அந்தப் பல்புக்குப் போன கரண்ட் திரும்பிவர வழியில்லாமல், ஹை இழைக்குள் புகுந்து, ஹை வயர் வழியாக வலது பல்புக்குப் போய் ஏர்த்தைத் தேடுகிறது. உங்கள் பழைய வயரிங்கில் பல்புக்குப் பக்கத்தில் பொடி ஏர்த் என்று ஒன்று இருக்கவே இல்லை, எல்லாம் சுவிட்ச் வழியாகத்தான் போனது. புதிதாக நீங்கள் போட்டது பெயின்ற் மேல் இருக்கும்.

லைற்றை எரியவிட்டு, அந்த ஏர்த் காலுக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவில் அளந்து பாருங்கள். 0.2க்கு மேல் வந்தால் பிழை.

கொட்பே கெப்:
4.6 அண்ணை! போல்ற்றைக் கழற்றிப் பார்த்தால் வளையத்துக்குக் கீழே பெயின்ற் அப்படியே பளபளவென்று இருக்கிறது. வலது பக்கத்தில் ஏற்கெனவே கீறல் இருந்ததால் தப்பியிருக்கிறது.

உப்புவெளி வயரிங்:
இரும்பு தெரியச் சுரண்டுங்கள், பூட்டுங்கள், மேலே கிரீஸ் பூசுங்கள். உங்கள் வண்டியில் ஐஸ் தண்ணியும் உப்புக் காற்றும் சேருவதால் நான் என்றால் அதையும் நம்பமாட்டேன். இரண்டு பல்பு ஏர்த்துக்கும் 2.5 வயரை நேராகப் பற்றரி மைனஸுக்கே இழுத்துவிடுவேன். மிச்சமிருக்கிற பழைய பிளக்கை நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் உள்ளே பச்சை பூத்துவிடும்.

சீனக்குடா:
இனி வயர் தாங்கும்தானே அண்ணை, 100 வற் பல்பு போடலாமா?

உப்புவெளி வயரிங்:
வயர் தாங்கும், எதிரே வருகிறவனின் கண் தாங்காது. ரிஃப்ளெக்ரரும் சூட்டில் கருகும். ஹை 60, டிப் 55 வற் இருக்கிற 60/55 பல்பு போதும்.

கொட்பே கெப்:
இரண்டு ஏர்த்தையும் பற்றரிக்கே இழுத்துவிட்டேன். இப்போது இரண்டு பல்பிலும் 13.5. நேற்று ராத்திரி கந்தளாய் தாண்டி றோட்டோரப் பற்றைகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எதிரே வந்த பஸ்காரர் எல்லாம் டிப்பில் போகும்போதே எனக்கு லைற் அடிக்கிறார்கள்.

கந்தளாய் லொறி:
பின்னால் ஐஸ் பெட்டி ஏறினால் முன்பக்கம் நிமிரும் தம்பி. மஞ்சளாக எரிந்த காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெட்டியை ஏற்றிக்கொண்டே ஒரு மதில் முன்னால் நிறுத்தி, மேல் ஸ்க்ரூவைத் திருப்பி இறக்குங்கள்.