ஆடு குடித்த தண்ணீருக்கு யார் கணக்கு?

குழு: குளத்தங்கரை வீடு

காலை 5:50

அண்ணன்: (படம்)

அண்ணன்: மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. ஏழாவது படி வெளியே தெரிகிறது.

அத்தை: ஐயோ

குட்டி: ஏழா? போன வாரம் ஐந்துதானே!

பெரியப்பா: மோட்டாரைப் போட்டுக் கிணற்றிலிருந்து விடு. இதற்கெல்லாம் குழுவில் கேட்க வேண்டுமா.

அத்தை: எந்தக் கிணற்றிலிருந்து அண்ணா?

பெரியப்பா: இருப்பது ஒரு கிணறுதானே.

அத்தை: பாகம் பிரித்தபோது "உன் கிணறு, உன் பாடு" என்று சொன்னது யார்?

குட்டி: அம்மா, விடியற்காலையிலேயேவா

சித்தப்பா: கொஞ்சம் பொறுங்கள். மீன் மேலே வருவது தண்ணீர் குறைந்ததால் மட்டும் இல்லை. ராத்திரி முழுக்கப் பாசியும் செடியும் மீனும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும், புதிதாக உண்டாகாது. அதனால் விடியும் நேரத்தில்தான் குளத்தில் அது மிகக் குறைவு. தண்ணீர் சூடானால் இன்னும் மோசம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் தங்கும், 30 டிகிரியில் ஏழரைதான். கிணற்று ஊற்றிலும் ஆக்சிஜன் குறைச்சல். குழாய் முனையைக் குளத்துக்குள் முக்கிவிட்டால் மீனுக்கு ஒரு பலனும் இல்லை. உயரத்தில் கட்டி, துவைக்கிற கல்லின் மேல் விழுந்து சிதறும்படி விட வேண்டும். ஒரேயடியாக விடாதே, ஊற்று குளிர்ச்சியாக இருக்கும், மீன் தாங்காது.

அண்ணி: துவைக்கிற கல்லில் துணி ஊறுகிறது சின்ன மாமா

அண்ணன்: போடவா வேண்டாமா?

பெரியப்பா: போடு என்கிறேன்.

அத்தை: அரை மணி நேரம். அதற்கு மேல் கிடையாது.

குட்டி: அந்தப் படத்தில் கரையோரம் கிடப்பது என் நீலச் செருப்பா??

நான்: இப்போதுதான் பார்க்கிறேன். என்ன ஆயிற்று?

குட்டி: மேலே படி. செருப்பைப் பெரிதாக்கிப் பார்.

காலை 7:15

அண்ணன்: நாற்பது நிமிடம் ஓடியது, காற்று வாங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். மீன் கல்லோரமாகக் கூட்டம் கூடி நிற்கிறது. ஆனால் படியில் ஒரு விரல்கூட ஏறவில்லை.

அத்தை: அரை மணி என்றேன். இங்கே மேல்தொட்டி காலி. குழாயில் காற்றுதான் வருகிறது.

சித்தப்பா: ஏறாது. 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் என்றால் 1 லிட்டர். தண்ணீர் இப்போது நிற்கிற இடம் 30-க்கு 20 மீட்டர் என்று வைத்தால் 600 சதுர மீட்டர். 200 லிட்டர் பீப்பாய் இரண்டு நிமிடத்தில் நிறைகிறது என்றாயே, அப்படியானால் நீ விட்டது 4,000 லிட்டர். 7 மில்லிமீட்டருக்கும் கீழே. இந்த வெயிலுக்கு ஆவியாகவே ஒரு நாளைக்கு அவ்வளவு போகும்.

பெரியப்பா: சாயங்காலம் கிணறு ஊறியதும் இன்னொரு முறை விடு.

சித்தப்பா: அண்ணா, எவ்வளவு போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் விட்டு என்ன பயன்? ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, அடியில் கல் போட்டு, தண்ணீருக்குள் இருக்கிற படியில் வைக்கச் சொல்லுங்கள். விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தால் போதும். நாளை இதே நேரத்தில் வாளியிலும் குளத்திலும் ஸ்கேல் வைத்து அளக்கலாம். வாளியில் குறைவது ஆவி. குளத்தில் அதற்கு மேல் குறைவது கசிவு. மோட்டார் அதுவரை வேண்டாம், கணக்குக் குழம்பிவிடும்.

பெரியப்பா: கிணற்றைப் பற்றி நீ பேசலாம். உள்ளே விழுந்து பார்த்தவன் நீ ஒருவன்தான்.

நான்: 😂

அத்தை: பந்தைக்கூட விடாமல் மேலே வந்தான்

சித்தப்பா: எனக்கு அப்போது ஒன்பது வயது.

மறுநாள் காலை 8:02

அண்ணன்: வாளியில் 7 மில்லிமீட்டர். குளத்தில் 20.

சித்தப்பா: அப்போது கசிவு 13. ஒரு நாளைக்கு 12,000 லிட்டர் போகிறது, அதில் 7,800 மண்ணுக்குள். போன வருடம் இப்படி இல்லை.

பெரியப்பா: போன வருடம் மழை இருந்தது.

சித்தப்பா: போன வருடம் பொக்லைனும் வந்தது அண்ணா.

பெரியப்பா: தூர் வாருவது தப்பா இப்போது?

சித்தப்பா: தூர் வாரியது தப்பில்லை. அடியில் படிந்த களியும் வண்டலும்தான் குளத்துக்குத் தோல். அதையும் சேர்த்துச் சுரண்டி, மணல் தெரிகிற வரை போய்விட்டார்கள். நான் அப்போதே சொன்னேன்.

அத்தை: சொன்னான். நான் சாட்சி.

பெரியப்பா: நீ எல்லாவற்றுக்கும் சாட்சி.

அண்ணி: ஒரு விஷயம். நேற்று மத்தியானம் ஆடு வாளியில் வாய் வைத்தது. நான்தான் விரட்டினேன்.

பெரியப்பா: அவ்வளவுதான். கணக்கு செல்லாது.

சித்தப்பா: ஆடு குடித்திருந்தால் வாளியில் கூடுதலாகத்தானே குறைந்திருக்கும்? அப்போது ஆவி 7-க்கும் கீழே, கசிவு 13-க்கும் மேலே.

நான்: ஆடு சித்தப்பா கட்சி

பெரியப்பா: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

குட்டி: என்ன எழுதினீர்கள் பெரிய மாமா

அண்ணன்: ஒரு சந்தேகம். கிணறு குளத்திலிருந்து பதினைந்து அடிதான். குளத்தில் கசிவதுதானே கிணற்றில் ஊறுகிறது?

சித்தப்பா: பெரும்பங்கு அப்படித்தான் இருக்கும். கிணற்றை இறைக்க இறைக்க அங்கே மட்டம் இறங்கும், குளம் இன்னும் வேகமாகக் கசியும். அதே தண்ணீரைத்தான் கரண்ட் செலவழித்துச் சுற்றிச் சுற்றி விடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஆவியானது போக உப்பு மட்டும் மிச்சம்.

அத்தை: என் குடிதண்ணீரிலா உப்பு?

சித்தப்பா: நிறைய நாள் இப்படியே ஓட்டினால், அக்கா. குளம் முழுவதையும் காப்பாற்ற இந்தக் கிணறு காணாது. இறங்குகிற வரை இறங்கட்டும். பரப்பு பாதியானால் செலவும் பாதி. கிழக்கு மூலை ஆழத்தில் மட்டும் தண்ணீரை நிறுத்தினால் மீன் பிழைக்கும், அங்கே அடிக்களியும் காய்ந்து வெடிக்காது. வெடித்தால் அடுத்த மழைத் தண்ணீரும் நிற்காது. மேட்டுப் பக்கம் காய்ந்ததும் களிமண் கொட்டி, ஈரத்தோடு மிதித்து இறுக்கிவிடலாம்.

நான்: யார் மிதிப்பது?

குட்டி: ஆடு

பெரியப்பா: ஏழு தலைமுறையாக வற்றாத குளம். மூலையில் குட்டையாக நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது.

அத்தை: சரி அண்ணா. என் தொட்டி நிறைந்த பிறகு, விடியற்காலையில் இருபது நிமிடம், கிழக்கு மூலைக்கு. அப்புறம் பார்க்கலாம்.

அண்ணன்: மோட்டார் ரூம் சாவி?

அத்தை: என்னிடம்தான் இருக்கும்.

பெரியப்பா: வாளியை யாரும் எடுக்கக் கூடாது. ஆட்டைக் கட்டுங்கள். நாளை நானே அளக்கிறேன்.

அண்ணி: அது என் வாளி மாமா

பெரியப்பா: ஸ்கேல் எங்கே?

குட்டி: செருப்பைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை