போனில் குரல் போட்டு எடுத்த குண்டுகரிச்சான்: தப்பா?

முருங்கைக்கிளை:
போன ஞாயிறு எங்க ஊர்த் தோப்பில் எடுத்த படம். ஆண் குண்டுகரிச்சான் பறவை, முருங்கைக் கிளையில் வாலைத் தூக்கி, அலகைத் திறந்துகிட்டு. 600 மி.மீ. லென்ஸ், ஷட்டர் வேகம் 1/800 நொடி. எப்படி இவ்வளவு கிட்ட வந்துச்சுன்னு வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டாங்க. மறைக்க என்ன இருக்கு? அதோட பாட்டைப் போனில் 2 நிமிஷம் ஓடவிட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்குத் திட்டு. இங்கே என்ன சொல்றீங்க?

சோலைவாசி:
படம் பளிச்னு இருக்கு தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க. வால் விசிறியா விரிஞ்சிருக்கு, நெஞ்சு உப்பியிருக்கு, கண்ணு கீழே தரையைப் பார்க்குது. போனை அங்கேதானே வெச்சீங்க? அது நமக்காகப் பாடலை. தன் எல்லைக்குள்ள வேறொரு ஆண் புகுந்துட்டான்னு தேடுது. மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் அதுக்குக் கூடு வைக்கிற காலம். பெட்டை பொந்துக்குள்ள அடைகாக்கும், வெளியே காவல் ஆணோட வேலை. காவல்காரனை நீங்க உங்க போனைத் தேட விட்டிருக்கீங்க.

முருங்கைக்கிளை:
போன் கிளைக்கு அடியில்தான் சார் இருந்துச்சு. ஆனா 2 நிமிஷம்தானே? எங்க வீட்டுக் கார் கண்ணாடியோட இதே பறவை காலையிலிருந்து சண்டை போடுது. அந்தக் காரை என்ன செய்யலாம்?

சோலைவாசி:
கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டுங்க, சண்டை நின்னுடும். நாங்க அதைத்தான் செய்றோம்.

அறுநூறுஎம்எம்:
சோலைவாசி சார் கொஞ்சம் ஓவர். ஈக்குவடார் காட்டில் நடந்த ஒரு ஆய்வு 2013-ல் வெளிவந்துச்சு. தினமும் குரல் போட்டதில் ரென் வகைக் குருவிகள் முதல் சில நாள் கூடுதலா கத்திச்சு, அப்புறம் பழகிப்போய்க் கண்டுக்கவே இல்லை. பறவைக்கு நம்மளவு பயம் கிடையாது.

சோலைவாசி:
அதையே நான் திருப்பிப் படிக்கிறேன். போலிக் குரலுக்குப் பழகின பறவை, நிஜமான எதிரி வந்து கத்தும்போது என்ன செய்யும்? அதோட, பழகுறதுக்கு முன்னாடி அந்தச் சில நாள் அது வீணா கத்தியிருக்கில்ல? சனி, ஞாயிறு வந்தா ஒரே மரத்தடியில் 10 பேர் நிக்கிறாங்க. உங்க 2 நிமிஷம், அதுக்கு 20 நிமிஷம்.

கரிசல்காட்டான்:
எங்க பக்கம் கவுதாரி பிடிக்கிறவங்க கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டுக் காட்டுக் கவுதாரியை வரவைப்பாங்க. அதுக்குப் 'பார்வை'ன்னு பேரு. இப்போ கூண்டுக்குப் பதிலா போன் வந்திருக்கு, வேற ஒண்ணுமில்லை.

அறுநூறுஎம்எம்:
அண்ணே, அவன் பிடிச்சுக் குழம்பு வெச்சான். நான் படம் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். ரெண்டும் ஒண்ணா?

கரிசல்காட்டான்:
ஒண்ணில்லை. வரவைக்கிற வழி ஒண்ணு, அவ்வளவுதான் சொன்னேன். கூட்டுக்குக் குறுக்கே நிக்கிற இலையை வெட்டிட்டு அரசவால் ஈப்பிடிப்பான் பறவையைப் படம் எடுக்கிறவங்களும் 'படம் எடுத்துட்டுக் கிளம்பிட்டேன்'னுதான் சொல்றாங்க. மறைப்பு போனா காக்காவுக்கு வழி தெரிஞ்சுடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூட்டைத் தொந்தரவு பண்றதையும் வேட்டைன்னுதான் சொல்லுது.

அறுநூறுஎம்எம்:
கூட்டுப் படத்தை நானும் ஒத்துக்க மாட்டேன். பேச்சை அங்கே திருப்பாதீங்க.

காலைப்பனி:
நான் குண்டுகரிச்சானுக்குன்னே ரெண்டு வருஷம் அலைஞ்சவன். அதுக்குக் குரலே தேவையில்லை. விடியற்காலையில் பாட அதுக்குன்னு ஒரு உச்சிக் கொம்பு இருக்கும். தினமும் பெரும்பாலும் அதே இடம். முந்தின நாள் போய்க் காஞ்ச கொம்புக்குக் கீழே வெள்ளையா எச்சம் தெறிச்சிருக்கான்னு பாருங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம் வர்ற மாதிரி, இருட்டோட போய் உட்கார்ந்துடுங்க. எழுந்து நடமாடக் கூடாது. இன்னொண்ணு: வெளிச்சம் ஏறினா இறக்கையில் இருக்கிற வெள்ளைப் பட்டை வெந்துபோயிடும், அதாவது இறகே தெரியாம வெறும் வெள்ளையாயிடும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்குற வெளிச்சத்தை, அரை ஸ்டாப் போல கொஞ்சம் குறைச்சு வெச்சு, இருட்டாத் தெரியுற கறுப்பை அப்புறம் எடிட்டிங்கில் தூக்கிக்கங்க. முருங்கைக்கிளை தம்பியோட படத்தில் அந்தப் பட்டையில் ஒரு இறகுகூடப் பிரிஞ்சு தெரியலை. இதை யாருமே சொல்லலையே!

முருங்கைக்கிளை:
வெள்ளை போனது நிஜம்தான் :( நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

அறுநூறுஎம்எம்:
வாரத்தில் ஒரு நாள் லீவு கிடைக்கிறவன் ரெண்டு வருஷம் உட்கார முடியுமா காலைப்பனி? கூடு வைக்காத மாசத்தில், ஒரு தடவை, அரை நிமிஷம். இதில் என்ன கெடுதின்னு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

சோலைவாசி:
கூடு வைக்காத மாசம்னா என் சண்டை பாதி குறையும். மீதிப் பாதி, அந்த அரை நிமிஷத்தை யார் எண்ணுறாங்கன்னுதான்.

முருங்கைக்கிளை:
போனேன். 5:40-க்கு வந்துச்சு, வேப்பமரத்து மொட்டைக் கொம்பில். கால் மணி நேரம் பாட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. படம்தான் சரியா வரலை: இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (கேமராவோட ஒளி உணர்வு அளவு) 6400 வரைக்கும் ஏத்தினதில் ஒரே புள்ளி புள்ளியா, கழுத்துக்குக் குறுக்கே கேபிள் டிவி வயர் வேற. வால் இந்தத் தடவை விரியலை சார், பார்த்தேன்.