பழைய போர்க்களப் பத்திரிகைப் படங்கள் சேர்ப்பவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள் (முதலில் என் கதை, அடுத்து மூன்று பேரின் பதில்கள்)

முதலில் வாங்கிய படத்தை நானே கெடுத்தேன், அதிலிருந்தே தொடங்குகிறேன். 1944ல் இத்தாலியில் எடுத்தது, சேற்றில் சிக்கிய ஜீப்பை நான்கைந்து அமெரிக்கச் சிப்பாய்கள் தள்ளுகிறார்கள், ஆக்மி செய்திப்பட நிறுவனத்தின் பிரிண்ட். வந்தபோது மேலே சிவப்பு மெழுகுப் பென்சில் கோடுகள், ஒருவனுடைய ஹெல்மெட்டைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட். யாரோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்து ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். வெள்ளை கரைந்து போனது. மெழுகு தண்ணீருக்கு மசியவில்லை, அதுவாவது தப்பியது. அப்புறம்தான் தெரிந்தது, மட்டமான செய்தித்தாளில் சாம்பல் ஹெல்மெட் சாம்பல் பின்னணியோடு கலந்துவிடக் கூடாது என்று பத்திரிகை ஆபீஸில் தூரிகையால் ஓரம் கட்டியிருக்கிறார்கள், எந்தப் பகுதி அச்சேற வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சிவப்புக் கோடு. இப்போது படம் வந்தால் முதலில் திருப்பிப் பார்க்கிறேன்: ஒட்டிய விளக்கச் சீட்டு, தேதி முத்திரை, சில சமயம் தணிக்கை அனுமதி. படத்தை அட்டையில் பசை போட்டு ஒட்டி ஃபிரேம் மாட்டி விற்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

சீட்டு மட்டும் இருந்தால் போதாது, நான் அதில்தான் ஏமாந்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அசல் என்று நல்ல விலை கொடுத்து வாங்கினேன், பின்பக்கம் பழுப்பேறிய சீட்டு, டைப் அடித்த எழுத்து, எல்லாம் சரியாகவே இருந்தது. தெரிந்தவர் கடையில் ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் வைத்தால் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்கிறது! புகைப்படத் தாளில் இப்படி ஒளிர வைக்கும் வெளுப்பு ரசாயனம் சேர்த்தது 1950களில்தான். ஆனால் ஒன்று, ஒளிரவில்லை என்பதற்காக அசல் என்று குதிக்காதீர்கள், பிற்காலத் தாள்களிலும் ஒளிராதவை உண்டு.

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்கச் சிப்பாய்கள் கொடி நாட்டும் படம் கிடைத்தது, மங்கல், ஊடே மெல்லிய கோடுகள். இது நகலின் நகல் என்று திருப்பி அனுப்பிவிட்டேன், இன்றைக்கும் தூக்கம் வராது. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஜோ ரோசெந்தால் அதை எடுத்தது 1945 பிப்ரவரி 23. ஃபிலிம் குவாம் தீவுக்குப் போய்க் கழுவப்பட்டு, அங்கிருந்து கோடு கோடாக ரேடியோ அலை வழியாக அமெரிக்காவுக்குப் போனது, 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களில் வந்துவிட்டது. அந்த வாரம் பத்திரிகை ஆபீஸ்களுக்கு வந்த பிரிண்ட் கோடு கோடாக மங்கலாகத்தான் இருக்கும், பளிச்சென்று இருந்தால்தான் யோசிக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக இருந்தால் பத்திரிகையிலிருந்து வெட்டியது, கோடு வேறு விஷயம்.

நான் சேகரிப்பாளன் எல்லாம் இல்லை. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பர்மாவுக்குப் போனவர், அந்தப் படையினரை ராணுவத்தில் தம்பி என்றே கூப்பிடுவார்கள். வீட்டில் அவருடைய போர்க்காலப் படம் ஒன்றுகூட இல்லை. அதனால் பர்மா முனைப் படம் எது விற்பனைக்கு வந்தாலும் பார்ப்பேன், பின்பக்கச் சீட்டில் அமெரிக்க அதிகாரி என்றால் பெயர், ஊர் எல்லாம் இருக்கும், நம்மவர்கள் என்றால் வெறும் இந்தியச் சிப்பாய்கள். 2006ல் ஒன்று வாங்கினேன், ஆற்றில் பாலம் போடுகிறார்கள், எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். பாட்டி அப்போது இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "முதுகை வச்சு எப்படிடா சொல்றது" என்றார். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.