படிகாரம் போட்டால் நடப்பது: உறைதலா, திரிதலா, திரளலா?

வணக்கம். கலங்கல் நீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைப்பதில் அடுத்தடுத்து இரண்டு படிகள் உண்டு: கோயாகுலேஷன் (coagulation), ஃப்ளாக்குலேஷன் (flocculation). இவற்றுக்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> கோயாகுலேஷன், ஃப்ளாக்குலேஷன் இரண்டுக்கும் 'உறைதல்' என்று ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாமே? ரத்தத்துக்கு அப்படித்தானே சொல்கிறோம்?

ரத்தத்துக்குச் சரி. கலங்கல் நீருக்கு ஒத்துவராது. குடத்தில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி எடுத்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது, சேறு மட்டும் பிரிந்து அடியில் தங்குகிறது. இதை 'உறைதல்' என்று எழுதினால் படிப்பவர் ஐஸ் பெட்டியைத்தான் நினைப்பார்.

ஒரு சொல் போதாது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களிமண் துகள் அசையாத நீரில் 1 மீட்டர் இறங்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதைவிடப் பொடியானது இறங்கவே இறங்காது என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாத் துகளுக்கும் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. படிகாரத்திலிருந்து வரும் அலுமினியம் நேர்மின்சுமை உடையது. அது போய் ஒட்டியதும் தள்ளுமுள்ளு அடங்குகிறது. இது நொடிக்கணக்கில் முடிகிற வேலை. சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்காகவே ஒரு நிமிடம் போல வேகமாகக் கலக்குகிறார்கள். இதுதான் கோயாகுலேஷன், வெறும் கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது.

அப்புறம்தான் இரண்டாவது. தள்ளாத துகள்கள் முட்டி, ஒட்டி, கூழ் போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடையும் சேர்த்துக்கொண்டு வெள்ளைப் பிசிறுகளாகப் பெரிதாகின்றன. இதுதான் ஃப்ளாக்குலேஷன். இதற்கு இருபது முப்பது நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். இங்கேயும் வேகமாகக் கலக்கினால் பிசிறு உடைந்து நீர் மறுபடி கலங்கிவிடும். ஒன்றுக்கு வேகம், மற்றதற்கு நிதானம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து இயக்கக் கையேடு எழுதினால், அதைப் படித்து மோட்டாரைப் போடுபவர் என்ன செய்வார்?

என் பரிந்துரை: முதலாவது திரிதல், இரண்டாவது திரளல். நாம் செய்விக்கும்போது திரித்தல், திரட்டல். எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதும் இதே வேலைதான்: புளிப்பு சேர்ந்ததும் பால் புரதத் துகள்களின் மின்சுமை தணிந்து, அவை ஒட்டத் தொடங்குகின்றன. அடுப்படிச் சொல் வேதியியலுக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

> 'திரிதல்' என்றால் கெட்டுப்போவது அல்லவா? 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்று வள்ளுவரே நீருக்குச் சொல்லியிருக்கிறாரே.

நல்ல மறுப்பு. ஆனால் குறளில் திரிவது நீர். சேர்ந்த நிலத்தால் அதன் இயல்பு மாறுகிறது. இங்கே திரிவது நீரில் மிதக்கும் கூழ்மம், அதாவது படியாமல் நிற்கும் நுண்துகள்கள். எழுவாயை மட்டும் கவனமாக வைத்தால் போதும். 'நீர் திரிந்தது' என்று எழுத வேண்டாம், 'கலங்கல் திரிந்தது' என்று எழுதலாம்.

தன்வினை, பிறவினை இரண்டும் கையில் இருப்பது இன்னொரு வசதி. ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் உப்பு பட்டதும் களிமண் தானாகத் திரிந்து திரள்கிறது. அங்கே யாரும் துடுப்பு போட்டுக் கலக்குவதில்லை. '-ஆக்கம்' என்று முடியும் சொற்கள் யாரோ செய்வதுபோல ஒலிப்பதால் அந்த இடத்தில் இடறும்.

> தேற்றாங்கொட்டை இருக்கும்போது 'தேற்றல்' என்று வைத்தால் என்ன?

எனக்கும் ஆசைதான். 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல்' என்று கலித்தொகையிலேயே இருக்கிறது. இல்லம் என்பது தேற்றா மரம், காழ் அதன் கொட்டை; அதைக்கொண்டு கலங்கிய நீரைத் தெளியவைப்பதைத்தான் பாட்டு சொல்கிறது. ஆனால் தேற்றுதல் என்றால் தெளியவைத்தல். அது முடிவைச் சொல்கிறது, நடுவில் நடப்பதைச் சொல்லவில்லை. திரித்து, திரட்டி, படியவைத்து, தெளிந்ததை மேலாக எடுப்பது வரை மொத்தத்துக்கும் (கிளாரிஃபிகேஷன்) அதை வைத்துக்கொள்வோம். இவ்வளவு நல்ல சொல்லை ஒரு நிமிட வேலைக்குச் செலவழிக்க மனம் வரவில்லை.

படிகாரத்தைச் 'சுத்திகரிப்பி' என்று அழைக்கலாம் என்று வந்த யோசனையை மட்டும் உறுதியாக மறுக்கிறேன். தெளிந்த நீரில் கிருமி இருக்கலாம். சேற்றோடு கொஞ்சம் கிருமியும் கீழே போகும், அவ்வளவுதான். குளோரினோ கொதிக்கவைப்பதோ அதற்கு மேலும் தேவை. பெயரைப் பார்த்து யாராவது அப்படியே குடித்துவிடக் கூடாது. திரியவைக்கும் பொருள் என்ற அளவில் 'திரிப்பி' போதும்.

திரளச் செய்யும் பாலிமர்களுக்குத் 'திரட்டி' என்றால் வலைப்பதிவுத் திரட்டி (பல வலைப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தளம்) நினைவுக்கு வரும் என்பது உண்மைதான். நீர் சுத்திகரிப்பு நூலில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். பிடிக்காதவர்கள் 'திரள்வி' என்று பாருங்கள். ஃப்ளாக் (floc), அதாவது மேலே சொன்ன வெள்ளைப் பிசிறு, என்பதற்குத் 'திரள்' என்றே வைக்கலாம். 'பிசிறு' பார்க்க அப்படியே பொருந்துகிறது, ஆனால் 'பிசிறு அளவு', 'பிசிறு அடர்த்தி' என்று எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஆறு பீக்கரில் ஒரே நீரை எடுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுக் கலக்கி, எதில் திரள் நன்றாகப் படிகிறது என்று பார்க்கிறோமே, அந்த ஜார் டெஸ்ட். 'ஜாடிச் சோதனை' என்றால் ஊறுகாய் வாசம் அடிக்கிறது. 'திரிப்பு அளவுச் சோதனை' என்று எழுதி வைத்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாரிடமாவது இருக்கிறதா?