ஆண்டறிக்கையில் ஆசிரியர் சாதனைகளையும் சமூகநீதி நிகழ்வுகளையும் எப்படிப் பதிவு செய்வது?

பொன்னிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் சமூக அறிவியல் துறையின் உதவிப் பேராசிரியராகப் பணியாற்றுகிறேன். பல்கலைக்கழக ஆண்டறிக்கைக்குத் துறையின் சார்பில் தகவல் திரட்டித் தரும் பொறுப்பு இவ்வாண்டு என்னிடம் வந்திருக்கிறது. அறிக்கையில் ‘ஆசிரியர் சாதனைகள்’ என்று ஓர் இயலும் ‘சமூகநீதி நிகழ்வுகள்’ என்று இன்னோர் இயலும் உள்ளன. முதல் இயலில் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரைகள், காப்புரிமைகள், விருதுகள், ஆய்வுத் திட்டங்களுக்குக் கிடைத்த நிதி ஆகியவை வரிசையாக இடம்பெறுகின்றன. அடுத்த இயலில் செப்டம்பர் 17 அன்று சமூகநீதி நாள் உறுதிமொழியும் ஏப்ரல் 14 அன்று சமத்துவ நாள் உறுதிமொழியும் ஏற்ற செய்தி, ஒரு சிறப்புச் சொற்பொழிவு, ஒரு கட்டுரைப் போட்டி என்பவை படங்களுடன் வருகின்றன. முந்தைய ஆண்டுகளின் அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தால் விருந்தினர் பெயர்கள் மட்டுமே மாறியிருக்கின்றன.

எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர்கள். உதவித்தொகை வராமல் நின்ற மாதங்களில் ஊருக்குத் திரும்பிவிட்ட ஆய்வாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, மீண்டும் நூலகத்துக்கு வரவைத்து, அவர்களுடைய இயல்களை வரிக்கு வரி திருத்திக் கொடுத்தவர் அவர். அறிக்கையில் இந்த உழைப்பு ‘முனைவர் பட்ட வழிகாட்டல்’ என்ற கட்டத்துக்குள் ஓர் எண்ணாக முடிந்துவிடுகிறது. சமூகநீதி இயலிலோ அவருடைய பெயரே இல்லை, ஏனென்றால் அவர் எந்த நிகழ்வையும் ஒருங்கிணைக்கவில்லை.

இத்தகைய பணியைச் சாதனையாகப் பதிவு செய்வதற்கு விதிகளில் இடமிருக்கிறதா? சமூகநீதி இயலில் எதை எழுதினால், படிப்பவருக்குப் பல்கலைக்கழகத்தின் உண்மை நிலை தெரியவரும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மருதநிலம்

வணக்கம். சில ஆண்டுகள் கல்லூரியின் ஐ.க்யூ.ஏ.சி. (உள் தர உறுதிப் பிரிவு) பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் விதிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இப்போதைய பட்டியல்கள் இந்த வடிவில் இருப்பதற்குப் பணி மேம்பாட்டுக் கணக்கே காரணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு அறிவியல் துறையினருக்கு 8 புள்ளிகளும் கலைத் துறையினருக்கு 10 புள்ளிகளும் கிடைக்கின்றன. ஒருவரை வழிகாட்டி முனைவர் பட்டம் பெறச் செய்தால் 10 புள்ளிகள். ஆய்வேடு சமர்ப்பிக்கப்பட்ட நிலையில் 5 புள்ளிகள். ஐந்தாறு ஆண்டுகள் ஓர் ஆய்வாளரோடு உடன் நிற்கும் பணியும் ஒரே ஒரு கட்டுரையும் கலைத் துறையில் சமமாக எண்ணப்படுகின்றன என்பதிலிருந்தே உங்கள் பேராசிரியரின் நிலை விளங்கும். மாணவர் நலன், நாட்டு நலப்பணித் திட்டம், சமூகப் பணி ஆகியவை தனி அட்டவணையில் இருந்தாலும், அவற்றில் எத்தனை வகைச் செயல்பாடுகளில் ஆசிரியர் ஈடுபட்டார் என்பதுதான் பார்க்கப்படுகிறது. எவ்வளவு ஆழமாக ஈடுபட்டார் என்பதைக் கேட்பதற்கு அதில் கட்டமே கிடையாது. 2025 ஜனவரியில் வெளியான வரைவு, புள்ளிக் கணக்கைக் கைவிட்டு, குறிப்பிடத்தக்க பங்களிப்புகள் என்று ஒன்பது வகைகளை முன்வைத்து, சமூக ஈடுபாட்டையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் துணைவேந்தர் நியமனம் தொடர்பான பகுதிகளுக்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நிகழ்வுகள் படத்தொகுப்பாக மாறியதற்கு, கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீடு ஒரு காரணம். அதன் ஏழாம் அளவுகோல் நிறுவன விழுமியங்களைப் பற்றியது. நினைவு நாள்களைக் கொண்டாடியதற்கு எடுத்த இடம் பதிவாகும்படி ஜியோடேக் செய்த படங்களைச் சான்றாகக் கேட்பார்கள் என்பதால், படம் எடுப்பதற்கேற்ற நிகழ்வுகளையே கல்லூரிகள் நடத்தத் தொடங்கின. இருப்பினும், ஆண்டறிக்கை என்பது நாக் படிவமோ பணி மேம்பாட்டுப் படிவமோ அன்று. அதன் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யலாம் என்பதால், ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு எந்த விதியும் தடையாக இல்லை.

வைப்பாற்றங்கரை

அன்புள்ள பொன்னிக்கரை அவர்களுக்கு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் எழுதுகிறேன். மருதநிலம் ஐயா விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தப் பணிக்கும் புள்ளி கொடுக்க வேண்டும் என்று யாரேனும் கோரினால், அதில் எனக்கு உடன்பாடு இல்லை. புள்ளி வந்த மறுநாளே அதற்கொரு சான்றிதழும், சான்றிதழுக்கொரு நிகழ்ச்சியும் வந்துவிடும். சாதனை என்றால் என்ன என்பதைத்தான் துறைக்குள் முதலில் பேச வேண்டும்.

நம் மாநிலத்தின் கல்வி வரலாற்றில், சமூகநீதியும் பேராசிரியர்களின் புலமையும் ஒரே வேலையாக அமைந்த நேரங்கள் உண்டு. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த மு. அனந்தகிருஷ்ணன் அடிப்படையில் ஒரு கட்டுமானப் பொறியாளர்; கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்குவது குறித்து ஆராய 2006 ஆம் ஆண்டில் மாநில அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். அதற்கு முன் எடுக்கப்பட்ட முயற்சிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. நகரத்துத் தனிப்பயிற்சி வாய்ப்பு இல்லாத கிராமப்புற மாணவர்கள் நுழைவுத் தேர்வினால் பின்தள்ளப்படுகிறார்கள் என்ற உணர்வு பலருக்கும் இருந்தாலும், நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு அதற்குத் தரவும் முறையான வாதமும் தேவைப்பட்டன. அந்தக் குழுவின் அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு இயற்றப்பட்ட சட்டத்தை 2007 இல் உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் பொறியியல் சேர்க்கை நடைபெற்றதால், தங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த எத்தனையோ பிள்ளைகள் பொறியாளர்களானார்கள். இப்படிப்பட்ட அறிக்கை ஒன்றை எழுதியதற்கு இன்றைய புள்ளிப் பட்டியலில், மாநில அளவிலான கொள்கை ஆவணம் என்ற வகையில், 4 புள்ளிகள் கிடைக்கும்.

வேறு துறையிலிருந்தும் ஒருவரைச் சொல்ல வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே. ஏ. குணசேகரன், ஒடுக்கப்பட்ட மக்களின் நிகழ்த்துகலைகளை ஆய்வுப் பொருளாகவும் மேடைக் கலையாகவும் கல்விக்கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். மேடையில் அவர் பாடியதையும் ஆய்வரங்கில் அவர் பேசியதையும் பிரித்து இரண்டு இயல்களில் எழுத முடியாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உறுதிமொழி ஏற்பதை நான் குறைத்துப் பேசவில்லை. பெரியாரின் பிறந்தநாளைச் சமூகநீதி நாளாக 2021 இல் அரசு அறிவித்தது பொருத்தமான செயலே. ஆனால் நிகழ்வு நடக்கும் அரங்கத்துக்கு வெளியில்தான் பல்கலைக்கழகத்தின் அன்றாடம் இருக்கிறது. 2022 ஜூலையில், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாற்றுத் தேர்வில், தமிழ்நாட்டின் தாழ்ந்த சாதி எது என்று கேட்டு நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்திருந்த வினா வெளிவந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. அந்த வினாத்தாள் எத்தனை கைகளைக் கடந்து தேர்வறைக்கு வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வினாத்தாள், நேர்காணல், ஆய்வாளர் சேர்க்கை, விடுதி அறை ஒதுக்கீடு ஆகியவை நடக்கும் விதத்தில்தான் ஒரு நிறுவனத்தின் சமூகநீதியை அளக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அந்த இயலில் முதலில் வர வேண்டியது, பணியிடங்களை ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு வரிசைப்படி பகிரும் இனச்சுழற்சிப் பதிவேட்டின் நிலை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, எந்தப் பிரிவுக்குரிய இடங்கள் எத்தனை ஆண்டுகளாக நிரப்பப்படாமல் பின்னடைவுப் பணியிடங்களாகக் கிடக்கின்றன என்பதை ஒரே பக்கத்தில் கொடுத்துவிடலாம். சுழற்சியை எந்த அலகில் கணக்கிடுகிறார்கள் என்பதும் சிறிய செய்தியன்று. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நடந்ததை நினைவுகூருங்கள். அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2018 மார்ச்சில் மானியக் குழு பல்கலைக்கழகத்துக்குப் பதிலாகத் துறையை அலகாகக் கொள்ளுமாறு ஆணையிட்டது. அந்தச் சுழற்சி வரிசையில் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு நான்காவது இடமும் பட்டியல் சாதியினருக்கு ஏழாவது இடமும் பழங்குடியினருக்குப் பதினான்காவது இடமும்தான் வரும். மூன்று பணியிடங்கள் மட்டுமே உள்ள துறையில் ஒதுக்கீடு முற்றிலும் மறைந்துவிடும். நாடு முழுவதும் ஆசிரியர்கள் போராடிய பிறகு, 2019 இல் முதலில் அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, பல்கலைக்கழகத்தையே மீண்டும் அலகாக்கின. உங்கள் பல்கலைக்கழகத்தில் 69 விழுக்காடு ஒதுக்கீடு எப்படிக் கணக்கிடப்பட்டு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதை மாணவர்கள் அறியும்படி அச்சிடுங்கள்.

கரிசல்மண்

வைப்பாற்றங்கரை ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வாளர். எங்கள் வீட்டில் முதலில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவள். பதிவேடு பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஏற்கிறேன். ஆனாலும் நிகழ்வுகளைப் பின்னுக்குத் தள்ளுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் ஒரு நாளாவது வளாகத்தில் தயக்கமின்றிப் பேசுவதற்கு அந்த நாள்கள் இடம் தருகின்றன. அந்த நாளில் என்ன நடத்துவது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

நான் படித்த கல்லூரி ஒன்றில் சமூகநீதி நாளன்று உறுதிமொழி முடிந்தவுடன் அரங்கத்திலேயே நான்கு மேசைகளைப் போட்டார்கள். ஒரு மேசையில் உதவித்தொகை எழுத்தர், அடுத்ததில் வங்கிக் கிளையிலிருந்து வந்த ஊழியர், மற்ற இரண்டில் கணினியோடு ஆய்வு மாணவர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய (போஸ்ட் மெட்ரிக்) உதவித்தொகை நேரடியாக மாணவரின் கணக்குக்கு வருவதால், வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்படாமல் இருந்தால் பணம் வந்து சேராது. சாதிச் சான்றிதழில் ‘மு’ என்றிருக்கும் தலைப்பெழுத்து மதிப்பெண் சான்றிதழில் ‘எம்’ என்றிருக்கும். தந்தையின் பெயர் ஆதாரில் வேறு எழுத்துகளில் இருக்கும். வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். இவற்றில் ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் திரும்பிவிடும், எந்த அலுவலகத்தில் கேட்பது என்று தெரியாத மாணவி கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடுவாள். அன்று மாலைக்குள் பல மாணவிகளின் விண்ணப்பங்கள் சரிசெய்யப்பட்டதைப் பார்த்தேன். மேசைகளை ஏற்பாடு செய்த பொருளியல் ஆசிரியரின் பெயர் அவ்வாண்டின் சாதனைப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். பொது வாய்மொழித் தேர்வு நாளில் தேர்வாளர்களுக்கு விடுதி, மதிய விருந்து, பொன்னாடை, துறையினர் அனைவருக்கும் சிற்றுண்டி ஆகிய செலவுகளை ஆய்வாளரே ஏற்க வேண்டும் என்ற வழக்கம் பல துறைகளில் எழுதப்படாத சட்டமாக இருக்கிறது. நகையை அடகு வைத்து அந்த நாளை நடத்திய தோழி ஒருத்தியை நான் அறிவேன். கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு அது எத்தகைய சுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. தன் துறையில் இந்த வழக்கத்தை நிறுத்திய துறைத்தலைவர் இருந்தால், அவருடைய பெயரை சாதனைகள் இயலின் முதல் பக்கத்தில் அச்சிடுங்கள்.

சம வாய்ப்புப் பிரிவைப் பற்றியும் கேளுங்கள். மானியக் குழுவின் 2012 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அத்தகைய பிரிவையும், பேராசிரியர் நிலைக்குக் குறையாத பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் எதிர்பார்த்தன. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் போராடிய ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவை இழந்தபோது அந்த ஒழுங்குமுறைகள் வந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன, சராசரியாக எத்தனை நாள்கள் ஆயின என்பதை அறிக்கையில் தெரிவிக்க வேண்டும். ‘முறையீடு எதுவும் வரவில்லை’ என்று எழுதினால், அலுவலரின் பெயரும் அறை எண்ணும் மாணவர்களுக்குத் தெரியுமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மருதநிலம்

கரிசல்மண் அவர்கள் சொன்ன மேசைகளை எங்கள் கல்லூரியிலும் நடத்தப் பரிந்துரைக்கிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்: முதல் தலைமுறை ஆய்வாளர்களின் பெயர்களைச் சமூகப் பிரிவோடு சேர்த்து அச்சிட்டுவிடாதீர்கள். அறிக்கை இணையதளத்தில் ஏறிவிட்டால், வேலை தேடும் இடமெல்லாம் அந்தப் பக்கம் அவர்களைத் தொடரும். மொத்த எண்ணிக்கை போதும்; சிறிய துறையில் எண்ணிக்கையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், பல துறைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் கொடுங்கள். இனச்சுழற்சி விவரம் தர அலுவலகம் தயங்கினால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு பொது நிறுவனங்களைத் தாமாகவே தகவல் வெளியிடச் சொல்கிறது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டலாம்.

பொன்னிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. துறைக் குழுவின் முன் வைப்பதற்கு ஒரு வரைவு எழுதத் தொடங்கியிருக்கிறேன். சாதனைகள் இயலில் ‘ஆய்வு வழிகாட்டல்’ என்ற தனிப் பகுதியைச் சேர்த்து, சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், இடையில் விலகியவர்கள், விலகியதற்கான காரணம் ஆகியவற்றை எழுத எண்ணுகிறேன். இடையில் விலகியவர்களைப் பற்றி இதுவரை எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட இல்லை. சமூகநீதி இயலின் தொடக்கத்தில் பணியிட நிலையும், அடுத்து உதவித்தொகை விண்ணப்பங்களின் நிலையும், பிறகு நிகழ்வுகளும் வரும். வாய்மொழித் தேர்வுச் செலவை ஆய்வாளரிடமிருந்து பெறக்கூடாது என்ற தீர்மானத்தையும் அதே கூட்டத்தில் முன்மொழியப் போகிறேன். ஏற்கெனவே அவ்வாறு தீர்மானம் நிறைவேற்றிய துறை எதிலாவது பணியாற்றுபவர்கள் இங்கிருந்தால், தீர்மானத்தின் வாசகத்தையும் விருந்தோம்பல் செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் ஏற்கப்படுகிறது என்பதையும் தெரிவித்து உதவுங்கள். நிதி அலுவலர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.