ஜன்னலை மறைத்து வளர்ந்திருக்கும் இந்தச் செடி என்ன? மொத்தமாக வெட்டலாமா?

கொல்லைப்புறம்:
புது வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பின்சுவரை ஒட்டி ஒரு செடி புதராக மண்டிக் கிடக்கிறது. என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரம், ஜன்னலில் பாதி தெரியவில்லை. தரையிலிருந்தே இருபது தண்டுக்கு மேல் கிளம்பியிருக்கிறது. உள்ளே கையை விட்டால் எல்லாம் காய்ந்த குச்சி. இலை ஒல்லியாக, நீளமாக, தோல் மாதிரி தடிப்பாக இருக்கிறது. நடு நரம்பு வெளிறிய கோடாகத் தெரிகிறது. இப்போது பூ இல்லை. நுனிகளில் நீளமான காய்கள் காய்ந்து தொங்குகின்றன. ஒன்று வெடித்துப் பஞ்சு பறக்கிறது. அம்மா நந்தியாவட்டை என்கிறார், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வேரோடு பிடுங்க மனமில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரேயடியாக வெட்டிவிடலாமா? மூன்று வயது மகள் அந்தப் பக்கம்தான் விளையாடுகிறாள்.

தோட்டக்காரி:
தம்பி, கத்தியை எடுக்கும் முன் ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணிப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு என்றால் நந்தியாவட்டையாக இருக்கலாம். ஒரே இடத்திலிருந்து மூன்று இலை சுற்றி நின்றால் அரளி. ஒவ்வொன்றாக மாறி மாறி வந்தால் மஞ்சள் அரளி, ஆனால் அதற்குப் பஞ்சுக் காய் கிடையாது, உருண்டையான காய்தான். நந்தியாவட்டைக் காயிலும் பஞ்சு இருக்காது. பால் வடிகிறதா என்று கிள்ளிப் பார்க்க வேண்டாம். அதை வைத்து முடிவு செய்யவும் முடியாது, கையிலும் படும்.

கொல்லைப்புறம்:
நாலைந்து கிளையில் பார்த்துவிட்டேன் அக்கா. எல்லாக் கணுவிலும் மூன்று இலை.

தோட்டக்காரி:
சரி, அப்படியானால் அரளிதான். முதலில் மகள் விஷயம். இலை, பூ, தண்டு, விதை, வேர் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு அது. காய்ந்த இலையிலும் போகாது. ஒரு துண்டை வாயில் வைத்தாள் என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டும் நாளில் அவள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

இப்போது வெட்டு. ஒரேயடியாக வெட்டினாலும் அரளி சாகாது, மறுபடி துளிர்க்கும். நான் அதைச் செய்து பார்த்தவள். என் செடியை ஒரே நாளில் முழங்காலளவுக்கு இறக்கினேன். இரண்டே மாதத்தில் தூரிலிருந்து விரல் தடிமனில் ஒரு கூட்டமே கிளம்பியது. ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வெளிச்சம் தேடி நெட்டையாக ஓடின. அந்த வருடம் ஒரு பூங்கொத்துகூடப் பார்க்கவில்லை. அதைக் கலைத்துச் சீராக்கவே அடுத்த இரண்டு வருடம் போனது. அதனால் சொல்கிறேன், மூன்றில் ஒரு பங்கு போதும். மிகப் பழைய, பட்டை சாம்பல் நிறமாகிப்போன தண்டுகளைத் தேடி, கைரம்பத்தால் தரையோடு அறுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பங்கு. மூன்றாம் வருடம் செடியே புதிதாகிவிடும், நடுவில் பூவும் நிற்காது.

ஜன்னலை மறைக்கும் கிளைகளை மட்டும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மூன்று இலை இருந்த அந்தக் கணுவிலிருந்து பெரும்பாலும் மூன்று துளிர் வரும். எந்த உயரத்தில் அடர்த்தி வேண்டுமோ அதற்குக் கொஞ்சம் கீழே வெட்டுவது அதற்காகத்தான். பூப்பது புதுத் துளிரின் நுனியில். ஒரு பூப்பு முடிந்ததும் வெட்டுவது நல்லது, உங்களுடையதில் இப்போது பூ இல்லாததால் தாராளமாக ஆரம்பிக்கலாம். தூரில் வேண்டாத இடத்தில் முளைக்கும் பக்கக் கன்றுகளை இளசாக இருக்கும்போதே கையால் கிழித்து எடுங்கள். வெட்டினால் அங்கேயே இரண்டாக வரும்.

மண்வெட்டி:
அக்கா சொன்னதோடு ஒன்று. வெட்டியதை எரிக்கவே கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது. குச்சிகளைக் கொடிக்குப் பந்தல் போட எடுத்து வைக்கவும் வேண்டாம், குழந்தை உள்ள வீடு. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் ரம்பத்தையும் கத்தரியையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே பறவைக்கூடு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்லைப்புறம்:
இன்று காலை ஏழு தண்டு அறுத்தேன். ஜன்னலில் முழு வெளிச்சம் வந்துவிட்டது. எட்டாவதை அறுக்கப் போகும்போது ஓர் இலையின் அடியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒன்று தொங்கியது, சுண்டுவிரல் நுனி அளவு. வெள்ளியை உருக்கி வார்த்தது போல இருந்தது, குனிந்து பார்த்தால் அதில் என் முகமே தெரிந்தது. என்ன இது?

தோட்டக்காரி:
கூட்டுப்புழு தம்பி. அரளி இலை தின்று வளரும் கறுப்புப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு, அதனுடையது. பக்கத்து இலைகளில் கறுப்புக் கொம்புகள் முளைத்த மாதிரி புழுக்களும் இருக்கலாம். அவை இலையைத் தின்றாலும் செடி தாங்கும். அந்தத் தண்டை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

கொல்லைப்புறம்:
விட்டுவிட்டேன் அக்கா. தெரியாமல் வெட்டிவிடக் கூடாது என்று அந்தத் தண்டில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். மகளை ஜன்னலுக்கு உள்ளே தூக்கி வைத்துக்கொண்டு காட்டினேன்.